பனிமேட்டில் திரும்பக் கற்றவர்கள்

கூலாய் வட்டாரத்துத் தோட்டங்களில் பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர்களுக்குப் பாக்கு மட்டை விளையாட்டை நாம் விளக்கத் தேவையில்லை. காய்ந்து விழுந்த மட்டையின் அகன்ற அடிப்பாகத்தில் ஒருவன் அமர்ந்துகொள்வான். ஓலைப் பக்கத்தைப் பிடித்து இன்னொருவன் இழுப்பான். இழுக்க ஆள் கிடைக்காத நாளில் செம்மண் மேடு இருக்கவே இருக்கிறது. உச்சியில் மட்டையை வைத்து, ஓலையைக் கையில் பிடித்துக்கொண்டு, காலால் ஓர் உந்து உந்தினால் போதும். கீழே வந்து சேர்வது உறுதி. எங்கே வந்து சேர்வோம் என்பதுதான் உறுதியில்லை. சரிவு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம். வழியில் கால்வாய் இருந்தால் கால்வாயில். மட்டைக்குத் திரும்பத் தெரியாது.

இந்தச் சிறு குறையை நீக்குவதற்கு மனிதர்கள் செய்த முயற்சிகளின் வரலாற்றையே நேயர்களுடன் இன்று பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். அந்த வரலாறு நிகழ்ந்த இடம் செம்மண் மேடு அன்று. வெண்பனி மூடிய மலைச்சரிவு. கூலாயில் பனி பெய்ததில்லை, பெய்யப்போவதும் இல்லை. நமக்கு அருகிலுள்ள புலாய் மலையின் உயரம் 654 மீட்டர்தான். அதன் உச்சியிலும் நாம் காண்பது மழையும் மூடுபனியும். ஆயினும் சரிவு என்பது எங்கும் ஒன்றே. அதில் வழுக்கி இறங்குகிறவனை வாட்டும் கேள்வியும் ஒன்றே. எப்படித் திரும்புவது?

ஸ்னோபோர்டு என்பதைப் பனிப்பலகை என்று சொல்லலாம். ஏறக்குறைய ஓர் ஆளின் மோவாய் உயரத்துக்கு நீளமுள்ள ஒற்றைப் பலகை. அதன்மேல் பக்கவாட்டில் நின்று, இரண்டு கால்களையும் பட்டையால் பிணைத்துக்கொண்டு மலைச்சரிவில் இறங்குவார்கள். சைக்கிளுக்கு உள்ளதுபோல் இதற்குப் பிரேக் கிடையாது. கைப்பிடி கிடையாது. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் திரும்ப வேண்டும். நிற்க வேண்டுமானாலும் திரும்ப வேண்டும். ஆகவே இந்த விளையாட்டில் திருப்பம் என்பது அழகுக்காகச் செய்வதன்று. உயிரைக் காப்பது அதுதான். புதிதாகப் பழகுகிறவருக்கு முதல் நாளிலேயே அதைக் கற்பிக்கிறார்கள். அவர் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வதைக் கண்டுபிடிக்க மனித குலத்துக்கு எத்தனை காலம் பிடித்தது என்பதுதான் வியப்பு.

சறுக்குக் கட்டைகள் மிகப் பழமையானவை. வட ரஷ்யாவின் சதுப்பு நிலம் ஒன்றிலிருந்து ஏறக்குறைய 8000 ஆண்டுப் பழமையுள்ள கட்டைத் துண்டுகளை அகழ்ந்து எடுத்திருக்கிறார்கள். ஸ்கீ என்ற சொல்லே பழைய நோர்வே மொழியில் பிளந்த மரத்துண்டைக் குறித்தது. வேட்டைக்கும் விறகுக்கும் அடுத்த ஊர்ப் பயணத்துக்கும் அதில்தான் போனார்கள். சமவெளியில் நடப்பதற்கு அது போதுமானதாயிருந்தது. சரிவில் இறங்கும்போது ஒரே ஒரு நீண்ட கோலை இரு கால்களுக்கும் நடுவே ஊன்றி, அதன்மேல் சாய்ந்து, உராய்வால் வேகத்தை அடக்கினார்கள். துடைப்பத்தின்மேல் அமர்ந்து போகிற கதைக் கிழவியை நினைத்துக்கொள்ளலாம். பார்வைக்கு அவ்வளவு கண்ணியமில்லை. ஆனால் அதைவிட நல்ல வழி யாருக்கும் தெரியவில்லை.

வழி கண்டவர் ஒரு குத்தகைக் குடியானவர். நோர்வே நாட்டின் டெலமார்க் மாநிலத்தில் மோர்கெடால் என்ற சிறு பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே 1825-இல் பிறந்தவர் சோன்ட்ரே நோர்ஹைம். சொந்த நிலமில்லாத குடும்பம். பண்ணைக்காரரின் நிலத்தில் குடிசை போட்டு, அதற்குக் கூலியாக உழைக்கும் குடும்பம். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த நிலையை அதிகம் விவரிக்க வேண்டாம். வேலையை விட்டுவிட்டுச் சறுக்குகிறான் என்று அவரைப் பற்றி ஊரில் குறை சொன்னவர்கள் இருந்திருப்பார்கள் என்று நாம் எளிதில் ஊகிக்கலாம். விளையாட்டு வீரர்களைப் பற்றி எல்லா ஊரிலும் முதலில் சொல்லப்படுவது அதுதானே!

நோர்ஹைம் செய்த காரியங்கள் இரண்டு. அதுவரை சறுக்குக் கட்டையில் கால்விரல் பகுதி மட்டுமே ஒரு வாரில் நுழைந்திருக்கும். குதிகால் இருபுறமும் ஆடும். அவர் மரக்கொடியை முறுக்கிக் குதிகாலைச் சுற்றிக் கட்டினார். இப்போது கால் திரும்பினால் கட்டையும் திரும்பியது. இரண்டாவது, கட்டையின் வடிவம். முனையிலும் பின்னிலும் அகன்று, நடுவில் குறுகிய கட்டை. உடுக்கையின் இடுப்பைப்போல் மிக இலேசாக உள்வாங்கிய பக்கங்கள். இந்த வடிவம் அவருக்கு முன்பே டெலமார்க்கில் வழக்கில் இருந்தது என்று கூறுவோரும் உண்டு, இருக்கலாம். அதைக் கொண்டு என்ன செய்ய முடியும் என்பதை ஊரறியக் காட்டியவர் நோர்ஹைம்தான்.

1868-ஆம் ஆண்டு தலைநகர் கிறிஸ்டியானியாவில், அதாவது இன்றைய ஓஸ்லோவில், ஒரு சறுக்குப் போட்டி நடந்தது. நோர்ஹைமுக்கு அப்போது வயது 42. மோர்கெடாலிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவைச் சறுக்குக் கட்டையிலேயே மூன்று நாளில் கடந்து போட்டிக்கு வந்து சேர்ந்தார். வந்து, கோலை ஊன்றாமல் சரிவில் இறங்கினார், திரும்பினார், நின்றார். நகரத்து மக்கள் அத்தகைய ஒன்றை அதுவரை கண்டதில்லை. ஒரு காலை முன்னே நீட்டி மறு முழங்காலை மடக்கித் திரும்பும் முறைக்குப் பின்னாளில் டெலமார்க் திருப்பம் என்று பெயர் வந்தது. கட்டைகளை இணையாக வைத்து வெட்டித் திரும்பி நிற்கும் முறைக்குத் தலைநகரின் பெயரால் கிறிஸ்டியானியா திருப்பம் என்று பெயர். முதலில் அதைச் செய்து காட்டியவர்கள் கிராமத்தார். பெயர் போனது பட்டணத்துக்கு!

புகழ் வயிற்றை நிரப்பவில்லை. 1884-இல் நோர்ஹைம் குடும்பத்தோடு கப்பலேறி அமெரிக்கா போனார். கடைசியில் குடியேறிய வட டகோட்டா மாநிலம் பெரும்பாலும் சமவெளி. சரிவே இல்லாத ஊரில், தம் சறுக்குக் கட்டைகளை வீட்டோரம் சார்த்தி வைத்துவிட்டு வாழ்ந்து, 1897-இல் காலமானார். பல பத்தாண்டுகள் அவருடைய கல்லறையில் பெயர் பொறித்த கல்கூட இல்லை. 1952-இல் ஓஸ்லோவில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது அதற்கான சுடரைக் கிரேக்க நாட்டில் ஏற்றவில்லை. மோர்கெடாலில் நோர்ஹைம் பிறந்த வீட்டு அடுப்பில் ஏற்றினார்கள்.

நோர்வேயில் பிறந்த கலை ஆஸ்திரியாவுக்குப் போனபோது அங்கே சரிவுகள் இன்னும் செங்குத்தாக இருந்தன. மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி என்பவர் லிலியன்ஃபெல்டு என்ற ஊரில் தனியாக வாழ்ந்தவர். நான்சென் கிரீன்லாந்தைக் கடந்த வரலாற்றைப் படித்துவிட்டு நோர்வேயிலிருந்து கட்டைகளை வரவழைத்தார். ஆசிரியர் இல்லை, அருகில் பழகுவோரும் இல்லை. பல குளிர்காலங்கள் தனியே விழுந்து விழுந்து எழுந்து, செங்குத்துச் சரிவுக்கு ஏற்ற திருப்ப முறையை வகுத்து, 1890-களின் பிற்பகுதியில் நூலாக எழுதினார். புதியவருக்குப் படிப்படியாகக் கற்பிக்கும் முறை அதிலிருந்துதான் தொடங்குகிறது என்று துணிந்து சொல்லலாம். 1905-இல் கம்பங்கள் நட்டு அவற்றைச் சுற்றித் திரும்பி இறங்கும் போட்டியையும் நடத்தினார். அவருக்குப் பின் ஹான்னெஸ் ஷ்னைடர் ஆர்ல்பெர்க் பள்ளியை அமைத்தார். 1920-களில் சால்ஸ்பர்க் நகரத்து ருடால்ஃப் லெட்னர் கட்டையின் ஓரத்தில் எஃகுப் பட்டை பதித்தார். மரவிளிம்பு இறுகிய பனியில் மழுங்கிப் போகும், எஃகு பிடிக்கும். இந்த எஃகு விளிம்பை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி ஒற்றைப் பலகைக்கு வருவோம். அதன் வேர் மலையில் இல்லை, கடலில் இருக்கிறது. அலைமேல் பலகையில் நின்று வருவது ஹவாய்த் தீவினரின் பழங்கலை. நம் சோழமண்டலக் கரை மீனவரும் கட்டுமரத்தில் அலையோடு அலையாகக் கரையேறுகிறவர்களே; ஆங்கிலேயர் அந்தப் பெயரையே தம் மொழிக்கு எடுத்துப்போனார்கள். அலைச்சறுக்கு இப்போது சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவ இளைஞர்கள் பயின்று பிறருக்கும் பயிற்றுவிக்கும் விளையாட்டாகிவிட்டது. 2023-இல் மாமல்லபுரத்தில் பன்னாட்டுப் போட்டியே நடந்தது. அலை என்பதும் ஒரு சரிவுதான், ஓயாமல் நகரும் சரிவு. பனிமேட்டைப் பார்த்த ஒருவருக்கு அது அசையாமல் நின்றுவிட்ட அலையாகத் தோன்றியதில்தான் பனிப்பலகை பிறந்தது.

அவர் பெயர் ஷெர்மன் பாப்பன். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகன் நகரைச் சேர்ந்தவர். 1965-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாள். மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. வீட்டுக்குள் பெண் பிள்ளைகள் போடும் ஆட்டம் தாங்காமல், இவர்களைக் கொஞ்சம் வெளியே அழைத்துப் போங்கள் என்றார் மனைவி. பாப்பன் இரண்டு சறுக்குக் கட்டைகளை அருகருகே வைத்து ஒன்றாகப் பிணைத்தார். பிள்ளைகள் அதன்மேல் பக்கவாட்டில் நின்று வீட்டுக்குப் பின்னாலிருந்த மேட்டில் சறுக்கினார்கள். அண்டை வீட்டுப் பிள்ளைகளும் தங்களுக்கு ஒன்று வேண்டும் என்று வந்து நின்றார்கள். பனி, அலைச்சறுக்கு ஆகிய இரண்டின் ஆங்கிலச் சொற்களையும் இணைத்து ஸ்னர்ஃபர் என்று பெயர் சூட்டியவர் மனைவியே. மறு ஆண்டே ஒரு தொழிற்சாலை அதைச் செய்து விற்கத் தொடங்கியது, இலட்சக்கணக்கில் விற்றது.

ஆனால் ஸ்னர்ஃபருக்கு நம் பாக்கு மட்டையின் குறை இருந்தது. முன்முனையில் ஒரு கயிறு. அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். காலுக்குக் கட்டு இல்லை. ஓரத்தில் எஃகு இல்லை. மெதுவான சரிவில், மென்மையான பனியில், உடம்பைச் சாய்த்தால் ஏதோ கொஞ்சம் வளையும். செங்குத்திலும் இறுகிய பனியிலும் அது போன வழிதான் வழி. அதாவது, நோர்ஹைம் தீர்த்து வைத்த சிக்கலுக்கே 100 ஆண்டு கழித்துப் பலகைக்காரர்கள் மீண்டும் வந்து நின்றார்கள்.

1970-களில் அதைத் தீர்க்க முனைந்தவர்கள் பலர். யூட்டா மாநிலத்தில் டிமிட்ரி மிலோவிச் ஆழமான பனிக்கு ஏற்ற பலகை செய்தார். சக்கரப் பலகை வீரரான டாம் சிம்ஸ், 1963-இல் பள்ளித் தச்சு வகுப்பிலேயே ஒரு பலகை செய்து பார்த்தவர். அவரும் இத்தொழிலில் இறங்கினார். நாம் சற்று நின்று கவனிக்க வேண்டியவர் ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர். 14 வயதில் ஸ்னர்ஃபரில் பழகியவர். 1977-இல் நியூயார்க் வேலையை விட்டுவிட்டு வெர்மான்ட் மாநிலத்து லண்டன்டெரி என்ற சிற்றூரில் பலகை செய்யத் தொடங்கினார். ஒன்று சரியில்லை என்றால் மற்றொன்று. நூறு மாதிரிகள் வரை செய்து பார்த்ததாகச் சொல்வார்கள். அவர் முக்கியமாகச் சேர்த்தது காலுக்கான கட்டு. 1979-இல் மிச்சிகனில் நடந்த ஸ்னர்ஃபர் போட்டிக்குக் கட்டு வைத்த பலகையோடு போனார். இது முறையன்று என்று மற்றவர்கள் ஆட்சேபித்தார்கள். நடத்துனர்கள் அவருக்கெனத் தனிப் பிரிவு ஒன்று வைத்தார்கள். அந்தப் பிரிவில் போட்டியிட்டவர் அவர் ஒருவரே, பரிசும் அவருக்கே.

இங்கேதான் வரலாறு சூடு பிடிக்கிறது. பலகைக்காரர் திரும்பக் கற்றாலும் மலை அவருக்குத் திறக்கவில்லை. சறுக்கு மலைகளில் உச்சிக்கு ஏறக் கம்பித் தொடரில் தொங்கும் நாற்காலிகள் உண்டு. அவற்றில் பலகைக்கு இடமில்லை என்று நிர்வாகங்கள் மறுத்தன. காப்பீடு இல்லை என்பார்கள். மற்றவர்மேல் மோதிவிடுவார்கள் என்பார்கள். ஒழுங்கில்லாத பையன்கள் என்ற எண்ணம் உள்ளே இருந்திருக்கும். இளைஞர்கள் பலகையைத் தோளில் சுமந்து நடந்தே ஏறினார்கள். ஒருமுறை இறங்குவதற்கு ஒரு மணி நேரம் ஏறினார்கள். 1985 வாக்கில்கூட அமெரிக்கச் சறுக்கு மலைகளில் பலகையை அனுமதித்தவை நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு.

அனுமதித்த மலைகளிலும் சிலவற்றில் ஒரு தேர்வு வைத்தார்கள். மேலேயிருந்து இறங்க வேண்டும். இடப்பக்கம் திரும்பிக் காட்ட வேண்டும். வலப்பக்கம் திரும்பிக் காட்ட வேண்டும். சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். தேறியவருக்கு ஓர் அட்டை. அதைக் காட்டினால்தான் நாற்காலியில் ஏறலாம். வெர்மான்டில் ஸ்ட்ராட்டன் மலை 1983-ஐ ஒட்டிப் பலகைக்குக் கதவைத் திறந்ததே பெரிய செய்தியாயிற்று. கட்டைச் சறுக்கு வீரர்களிடம் யாரும் அத்தகைய தேர்வு கேட்டதில்லை. நேர்கோட்டில் பாய்ந்து பிறரை இடித்துத் தள்ளும் கட்டைக்காரர்கள் எத்தனையோ பேர் இருந்தும் கேட்டதில்லை. இது நியாயமா என்று இன்று கேட்கலாம். ஆனால் அந்தத் தேர்வு ஒரு நன்மையும் செய்தது. திரும்பத் தெரிந்தவனே பலகைக்காரன் என்ற எண்ணத்தை அது பலகைக்காரர்களிடையே ஊன்றியது.

பலகையும் அதற்கேற்பச் சீர்பட்டது. 1980-களின் முற்பகுதியில் ஜெஃப் கிரெல் என்பவர் குதிகாலுக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் முதுகுத் தகடு ஒன்றைக் காற்கட்டில் சேர்த்தார். அதற்குமுன் குதிகால் பக்கம் சாய்ந்தால் கால் நழுவும். தகடு வந்தபின் முழங்காலைச் சிறிது பின்னுக்குத் தள்ளினாலே விளிம்பு பனியைப் பிடித்தது. பத்தாண்டின் நடுவில் எஃகு விளிம்பும் பொதுவாயிற்று. லெட்னரின் எஃகுப் பட்டை 60 ஆண்டு கழித்துப் பலகைக்கு வந்து சேர்ந்தது.

இன்று முதன்முதலாகப் பலகையில் ஏறுகிறவர் என்ன செய்கிறார் என்று பார்ப்போம். முதலில் விழுகிறார். பின்பக்கமாக விழும்போது கையை ஊன்றாதே, மணிக்கட்டு முறியும் என்பதுதான் பெரும்பாலும் ஆசிரியரின் முதல் பாடம். அடுத்து, பலகையைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, குதிகால் விளிம்பில் நின்று, விளிம்பை இலேசாகத் தளர்த்திப் பக்கவாட்டில் வழுக்கி இறங்கக் கற்கிறார். பரம்புப் பலகை வயலைச் சமன் செய்வதுபோல் பலகை பனியை வழித்துக்கொண்டு இறங்கும். பிறகு அதே நிலையில் சிறிது இடம், சிறிது வலம் என்று அசைந்து இறங்குவது. அதற்கு உதிரும் இலை என்று பெயர். பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம் இலையுதிர்க்கும்போது அந்த இலை காற்றில் எப்படி இங்குமங்கும் ஆடி இறங்குமோ அப்படி.

அடுத்த படிதான் கடினம். குதிகால் விளிம்பிலிருந்து விரல்பக்க விளிம்புக்கு மாற வேண்டும். மாறும் வேளையில், ஒரு கணம், பலகை நேராகக் கீழ்நோக்கி நிற்கும். ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் எந்தக் கோட்டில் ஓடுமோ அந்தக் கோட்டில். வேகம் கூடும். அஞ்சியவர் உடம்பைப் பின்னுக்கு இழுப்பார். பின்னுக்கு இழுத்தால் முன்முனை பிடியிழந்து பலகை திரும்பாது. திரும்ப வேண்டுமானால் அந்தக் கணத்தில் முன்காலின்மேல் உடல் எடையைப் போட வேண்டும். பார்வையைக் காலடியில் வைக்காமல் போக வேண்டிய திசையில் வைக்க வேண்டும். தலை திரும்பினால் தோள் திரும்பும், தோளைத் தொடர்ந்து இடுப்பு, முழங்கால், கடைசியில் பலகை. அவசரப்பட்டு, சரிவின் கீழ்ப்பக்க விளிம்பு பனியில் மாட்டிவிட்டால் ஆள் தூக்கி எறியப்படுவார். பழகியவர்களும் அந்த விழுகையை எண்ணி நடுங்குவார்கள். ஒரு பக்கம் திரும்பி, மறுபக்கம் திரும்பி, இரண்டையும் இடைவிடாமல் இணைக்கத் தெரிந்துவிட்டால் பாதிக் கல்வி முடிந்தது.

மறுபாதிக்குக் கார்விங் என்று பெயர். கீறல் திருப்பம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இதுவரை சொன்ன திருப்பத்தில் பலகையின் பின்பகுதி வழுக்கிக்கொண்டே வரும். பனியில் அகன்ற தேய்ப்பு விழும். கீறல் திருப்பத்தில் வழுக்கல் இல்லை. விளிம்பு பனியில் பதிந்து, பதிந்த கோட்டிலேயே பலகை முழுவதும் ஓடும். இறங்கியபின் திரும்பிப் பார்த்தால் பேனாவால் வரைந்ததுபோல் ஒற்றைக் கோடு தெரியும். ஆசிரியர் மாணவரைப் பார்க்க வேண்டியதில்லை. கோட்டைப் பார்த்தால் போதும்.

அது எப்படி வளைகிறது? வீட்டிலேயே பார்க்கலாம். நீளமான அட்டைத் துண்டு ஒன்றை எடுத்து இரு பக்கங்களையும் நடுவில் சிறிது உள்வாங்கினாற்போல் கத்தரித்துக்கொள்ளுங்கள். மேசைமேல் ஒரு பக்க விளிம்பில் சாய்த்து நிறுத்துங்கள். இரு முனைகளும் மேசையைத் தொடும். நடுவில் இடைவெளி இருக்கும். நடுவை மெல்ல அழுத்தினால் அட்டை வில்லாக வளைந்து, விளிம்பு முழுவதும் மேசையில் படியும். படிந்த கோடு நேர்கோடாக இராது. ஒரு வட்டத்தின் பகுதியாக இருக்கும். பலகை அந்த வட்டத்தில்தான் ஓடுகிறது. சாதாரணப் பலகைகளில் இந்த வட்டத்தின் ஆரம் பெரும்பாலும் 7 முதல் 9 மீட்டர் இருக்கும். அதிகம் சாய்த்தால் வட்டம் இன்னும் குறுகும். ஆள் பலகையைத் திருப்புவதில்லை. சாய்த்து நிற்கிறார், பலகை தன் இடுப்பு வளைவால் தானே திரும்புகிறது. நோர்ஹைமின் கட்டையிலிருந்த அதே இடுப்பு வளைவு!

விளிம்பைச் சரியாகச் சாய்க்கும் இந்தக் கைப்பதம் கூலாய்க்காரர்களுக்குப் புதிதன்று. இப்போது இந்த வட்டாரத்தில் பல இடங்களில் செம்பனை நின்றாலும், பால்வெட்டி வளர்ந்த குடும்பங்கள் எத்தனையோ உள்ளன. பழங்காலத்தில் அமேசான் காட்டில் ரப்பர் மரத்தைக் கோடரியால் கொத்தினார்கள், மரம் புண்ணாயிற்று. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி, ஒரே கோட்டை மீண்டும் மீண்டும் மெல்லிதாகச் சீவும் முறையை வகுத்தார். இடமேலிருந்து வலக்கீழாக, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் ஒரு கோடு. ஒவ்வொரு வெட்டுக்கும் சீவ வேண்டியது ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை. கத்தியை ஆழமாகச் சாய்த்தால் உள்ளேயிருக்கும் வளர்படை காயப்பட்டு மரம் முண்டு முண்டாகிவிடும்; மேலோட்டமாகச் சாய்த்தால் பால் சரிவர இறங்காது. புதியவர் கத்தியை அழுத்துவார், இழுப்பார், கோணலாக்குவார். பழகியவர் கை அழுத்துவதே இல்லை. மரத்தைச் சுற்றிக் கால் நகரும், கத்தி தன் விளிம்பில் ஓடும். சீவிய பட்டை சுருளாக விழும். கங்காணி வெட்டுகிறவர் முகத்தைப் பார்ப்பதில்லை. கோட்டைப் பார்த்துவிட்டுப் போவார். பனிச்சரிவில் புதியவர் செய்யும் பிழைகளும் இவையே. ஒப்பீட்டை இதற்குமேல் நீட்டினால் இழுத்துப் பொருத்துவதாகும். மரம் நிற்கிறது, மலையில் ஆள் விழுகிறார் என்ற வேறுபாடு சிறியதன்று.

பலகைக்காரர்கள் கட்டைக்காரர்களிடமிருந்து எஃகு விளிம்பைக் கடன் வாங்கினார்கள் என்றோம். கடன் திரும்பியது. பலகையின் ஆழமான இடுப்பு வளைவு எத்தனை எளிதாகத் திருப்புகிறது என்பதைப் பொறியாளர்கள் கண்டார்கள். ஸ்லோவேனியா நாட்டு எலான் நிறுவனம் 1993-இல் அத்தகைய வளைவுள்ள சறுக்குக் கட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் உலகெங்கும் நேரான பழைய கட்டைகள் மூலைக்குப் போயின. தங்கள் நாற்காலியில் இடமில்லை என்று யாரைத் தடுத்தார்களோ அவர்களுடைய பலகையின் வடிவத்தைப் பார்த்துத் தங்கள் கட்டைகளைத் திருத்திக்கொண்டார்கள். 1998-இல் ஜப்பானின் நகானோ ஒலிம்பிக்கில் பனிப்பலகை சேர்க்கப்பட்டது. ஆயினும் அமெரிக்காவில் ஆல்டா, டியர் வேலி, மேட் ரிவர் கிளென் ஆகிய மூன்று மலைகளில் பலகைக்கு இன்றும் அனுமதியில்லை. ஆல்டாவை எதிர்த்து 2014-இல் வழக்கே தொடுத்தார்கள். 2016-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள்.

நம் பக்கத்தில் இதற்கு வரலாறு இல்லையா என்றால், உண்டு. காஷ்மீரில் குல்மார்க்கில் 1927-இல் ஆங்கிலப் படை அதிகாரிகள் இருவர் இந்தியச் சறுக்குக் கழகத்தைத் தொடங்கினார்கள். 2005-இல் அங்கே கம்பிவழி ஊர்தியின் இரண்டாம் கட்டம் 3900 மீட்டருக்கும் மேலே போயிற்று. உலகெங்கிலுமிருந்து பலகைக்காரர்கள் வந்தார்கள். 2020-இல் குல்மார்க்கில் நடந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில் பனிப்பலகையும் ஒரு போட்டி. குல்மார்க்குக்கு அருகில் வளர்ந்த ஆரிஃப் கான் 2022-இல் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியக் கொடியைத் தனியொருவராக ஏந்தினார். அவருக்கு முன்னோடி சிவ கேசவன், தந்தை கேரளத்தவர். பனிப்பாதையில் மல்லாந்து படுத்துப் பாயும் லூஜ் வண்டியில் 1998 முதல் 2018 வரை ஆறு ஒலிம்பிக்குகளில் பங்கேற்றவர். பயிற்சிக்குப் பனித்தடம் இல்லாததால் வண்டிக்குச் சக்கரம் மாட்டி இமயமலைத் தார்ச்சாலையில் லாரிகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் நடுவே இறங்கிப் பழகினார். திரும்பத் தெரியாவிட்டால் அங்கே என்ன ஆகும் என்பதை நேயர்களின் கற்பனைக்கே விட்டுவிடுகிறோம்.

2018-ஆம் ஆண்டு தென் கொரியாவின் பியோங்சாங் ஒலிம்பிக்கில் செக் நாட்டு எஸ்தர் லெடெட்ஸ்கா ஓர் அரிய செயல் செய்தார். பனிப்பலகை வீராங்கனை என்று பெயர் பெற்றிருந்த அவர் கட்டைச் சறுக்கின் சூப்பர் ஜி பந்தயத்தில் இறங்கி, நொடியில் நூற்றில் ஒரு பங்கு வேறுபாட்டில் தங்கம் வென்றார். முடிவுக் கோட்டில் கடிகாரத்தைப் பார்த்து, ஏதோ தவறு என்று நினைத்து அசையாமல் நின்றார். ஒரு வாரம் கழித்துப் பனிப்பலகையின் இணைத் தடப் பந்தயத்திலும் தங்கம் வென்றார். கட்டையா, பலகையா என்ற பழைய வழக்கில் ஒரே பெண் இருபக்கத் தீர்ப்பையும் எழுதினார்.

அதே பியோங்சாங்கில்தான் மலேசியக் கொடி முதன்முறையாகக் குளிர்கால ஒலிம்பிக்கில் ஏறியது. பனித்தரை நடனத்தில் ஜூலியன் யீ. மலைச்சறுக்கில் ஜெஃப்ரி வெப். வெப் இறங்கிய பந்தயங்களில் ஒன்று ஸ்லாலம். நட்ட கம்பங்களை இடமும் வலமுமாகச் சுற்றித் திரும்பி இறங்கும் பந்தயம். அந்தச் சொல் ஒலிம்பிக் குழுவினர் ஆக்கியதன்று. சரிவு, தடம் என்று பொருள்படும் இரு சொற்களைச் சேர்த்து, மோர்கெடால் பள்ளத்தாக்கின் குடியானவர்கள் தங்கள் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் மேட்டுத் தடத்துக்கு வைத்திருந்த பெயர் அது.